தொழில் கேள்வி-பதில்: முடிச்சை யார் அவிழ்ப்பது?

சென்ற இதழில் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாண அரசைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். தொழில் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கென்று ஒரு சிறிய குழுவை உட்காரவைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்பது செய்தி. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கமிட்டி, குழு, ஒற்றைச் சாளரம் எல்லாம் நம் ஊரிலேயே வருடக்கணக்காகப் பார்த்தாகிவிட்டது. கேப் டவுன்காரர்கள் அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்கள்?
- பிரஸ் ஷாப் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பட்டறை) உரிமையாளர், பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் கட்டம், பெங்களூரு

பதில்: ஒற்றைச் சாளரம் என்பது விண்ணப்பம் வாங்கும் இடம். கர்நாடகத்தில் 2002-ல் தொழில் வசதிச் சட்டம் வந்தது. கர்நாடக உத்யோக மித்ரா என்ற அரசு அமைப்பு அந்தச் சாளரத்தை நடத்துகிறது. புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவருக்கு அதனால் நிஜமாகவே பலன் உண்டு. ஆனால் உங்கள் பிரஸ் ஷாப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் சாக்கடை நிரம்பி லாரி உள்ளே வர முடியவில்லை. சாலை ஒருவர் பொறுப்பு, வடிகால் இன்னொருவர் பொறுப்பு, நடுவில் தோண்டிப்போட்ட கேபிள் மூன்றாமவருடையது என்றால் எந்தச் சாளரத்தில் போய் நிற்பீர்கள்? அதற்குப் படிவமே கிடையாது. படிவம் இல்லாத பிரச்சினைகளுக்குத்தான் குழு வேண்டியிருக்கிறது.

மேற்குக் கேப், அந்த நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஒன்று. கேப் டவுன்தான் தலைநகர். திராட்சை, ஆப்பிள், ஒயின், சுற்றுலா என்று வெளிநாட்டுக் காசு வரும் மாகாணம். 2009-லிருந்து அங்கே ஆளும் கட்சி வேறு, 2024 வரை நாட்டை ஆண்ட கட்சி வேறு. ஆகவே மத்திய அரசோடு இழுபறி எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவையில்லாத காகித வேலையைக் குறைக்க 2011-ல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஆலன் வின்டே 2019-ல் மாகாண முதல்வரான பிறகு, 'பொருளாதாரப் போர் அறை' என்ற பெயரில் தடைகளை எடுத்துத் தீர்க்கும் குழுக்கள் வந்தன. பிறகு 2023-ல் 'வேலைகளுக்கான வளர்ச்சி' என்ற திட்டம். 2035-க்குள் ஆண்டுக்கு 4 முதல் 6 சதவீத வளர்ச்சி என்பது அதன் இலக்கு.

இலக்கு எல்லா அரசுக்கும் உண்டு. என் கவனத்தை இழுத்தது அவர்கள் கையில் எடுத்த தடைகளின் தன்மை. துறைமுகத்தையே பாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடைக்காலம். திராட்சையும் மற்ற பழங்களும் கப்பலேறும் பருவம் அதுதான். அதே பருவத்தில்தான் தென்கிழக்குக் காற்றும் வேகமெடுக்கும். காற்று அடித்தால் கன்டெய்னர் தூக்கும் கிரேன்களை நிறுத்திவிட வேண்டும். கிரேன் நின்றால் லாரி நிற்கும், பழம் காத்திருக்கும். உலக வங்கியும் எஸ் அண்ட் பி குளோபல் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2023-ஆம் ஆண்டுக்கான கன்டெய்னர் துறைமுகப் பட்டியலில் மொத்தம் 405 துறைமுகங்கள். கேப் டவுனுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

அந்தத் துறைமுகம் மாகாண அரசுடையது இல்லை. டிரான்ஸ்நெட் என்ற தேசிய அரசு நிறுவனத்துடையது. மின்சாரமும் அப்படித்தான், எஸ்காம் என்ற தேசிய நிறுவனம். 2023-ல் அநேகமாகத் தினமும் முறைவைத்து மின்வெட்டு. இரண்டும் எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் பழத்தோட்டக்காரர், ஏற்றுமதியாளர், லாரிக்காரர், துறைமுக அதிகாரி எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட ஒரு மாகாண அரசுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. மின்சாரத்தில், நகராட்சிகள் தனியாரிடம் நேரடியாக வாங்கலாம் என்று 2020-ல் தேசிய விதி மாறியது. அதற்குத் தன் நகராட்சிகளைத் தயார்படுத்தும் வேலையை மாகாணம் எடுத்துக்கொண்டது.

இப்போது தும்கூர் ரோடு பீன்யா மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். பாலத்தின் உள்ளே இருக்கும் இழுவிசைக் கம்பிகள் துருப்பிடித்திருந்தது தெரிந்து 2021 டிசம்பரில் மூடினார்கள். 2022 பிப்ரவரியில் இலகு வாகனங்களுக்கு மட்டும் திறந்தார்கள். கனரக வாகனங்கள் ஏற 2024 ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. பாலம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. ஆராய்ந்து சொன்னது நம் இந்திய அறிவியல் கழகம். பாதுகாப்பு விஷயத்தில் அவசரப்பட முடியாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த இரண்டரை ஆண்டுகளும் சரக்கு லாரிகள் எல்லாம் கீழே சர்வீஸ் ரோட்டில் நெரிந்தனவே, அதைச் சீர்ப்படுத்த எந்த விதியும் மாறவேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலைக்கு எந்த நேரத்தில் லாரி வரும், எந்தச் சந்திப்பில் போலீஸ் நிற்கவேண்டும், எங்கே சரக்கு இறக்க இடம் என்று பத்துப் பேர் வாராவாரம் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யக்கூடிய விஷயம் அது. நீங்கள் கேட்ட 'புதிது' இதுதான்: தன் அதிகாரத்தில் இல்லாத தடையிலும் தன்னால் நகர்த்தக்கூடிய பகுதி எது என்று ஒரு அரசு தேடுவது.

கேள்வி: இந்த முறைக்குப் பின்னால் ஏதாவது கோட்பாடு உண்டா? எங்கள் கல்லூரியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.
- எம்.பி.ஏ. மாணவி, ஜெயநகர்

பதில்: உண்டு. மாட் ஆண்ட்ரூஸ், லான்ட் பிரிட்செட், மைக்கேல் வுல்காக் என்ற மூன்று பேர் 2012-ல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார்கள். 2017-ல் புத்தகமாகவும் விரித்து எழுதினார்கள். ஹார்வர்ட் கென்னடி பள்ளியில் இதற்கென்று ஒரு பயிற்சித் திட்டமே நடக்கிறது. சுருக்கமாக பிடிஐஏ என்பார்கள், அதாவது பிரச்சினையிலிருந்து ஆரம்பித்துத் திரும்பத் திரும்பச் செய்து திருத்திக்கொள்ளும் முறை. ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிரிட்செட் நம் நாட்டில் இருந்து வேலை பார்த்தவர். இந்திய அரசுக்குத் தலை நன்றாக இருக்கிறது, கை கால்தான் தலை சொல்வதைக் கேட்பதில்லை என்று 2009-ல் எழுதினார். அரசு அலுவலகப் படி ஏறியிறங்கிய யாரும் அதை மறுக்கமாட்டார்கள்.

அவர்கள் சொல்வது இது. வேறு நாட்டில் வெற்றிபெற்ற சட்டத்தையோ துறையையோ அப்படியே கொண்டுவந்து நட்டால் பலகை மட்டும்தான் புதிதாக இருக்கும், வேலை பழையபடிதான் நடக்கும். ஆகவே தீர்விலிருந்து ஆரம்பிக்காதே, பிரச்சினையிலிருந்து ஆரம்பி. அந்தப் பிரச்சினை யாருக்கு வலிக்கிறது, தீர்ந்துவிட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வோம் என்று முதலில் எழுதிக்கொள். பிறகு ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போ. கிடைக்கும் காரணங்களை மீன்முள் படமாக வரை. ஒவ்வொரு முள்ளிலும் மூன்றைப் பார்: அதை மாற்ற அதிகாரம் இருக்கிறதா, சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொள்வார்களா, செய்யும் திறமை இருக்கிறதா. மூன்றும் ஓரளவு இருக்கும் இடத்தில் கைவை. சின்னதாக ஒன்றைச் செய். ஓரிரு வாரத்தில் திரும்ப உட்கார்ந்து என்ன செய்தோம், என்ன கற்றோம், எதில் தடுமாறுகிறோம், அடுத்து என்ன என்று பேசு. மறுபடி செய்.

பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட விஷயமாக இருக்கும். மீன்முள் படம் ஜப்பானின் கவோரு இஷிகாவா தந்தது. அங்கே 1962-ல் தொடங்கிய தர வட்டங்களில், அதாவது குவாலிட்டி சர்க்கிள்களில், தொழிலாளர்களே அதை வரைந்தார்கள். இந்தியாவில் அதை முதலில் கையிலெடுத்தது ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் பெல் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில். சில வருடங்களில் பெங்களூரு பொதுத்துறை ஆலைகளிலும் பரவிவிட்டது. நான் அப்போது ஒரு ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் டர்னர், ஃபிட்டர், ஸ்டோர்ஸ்காரர் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒரு புஷ், அதாவது ஒரு சின்ன உதிரி பாகம், ஏன் ரிஜெக்ட் ஆகிறது என்று பேசுவோம். மேலதிகாரி அறிக்கை கேட்டால் ஒரு மாதம் ஆகும் விஷயத்துக்கு அந்த மேசையில் அரை மணி நேரத்தில் காரணம் கிடைக்கும். ஏனென்றால் காரணம் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அரசு விஷயத்தில் அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறகு சொந்தப் பட்டறை வைத்தபோது ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் போட எனக்குக் கூடுதல் மின்சார லோடு தேவைப்பட்டது. விண்ணப்பம் நகரவே இல்லை. லஞ்சம் எதிர்பார்க்கிறார்கள் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஏன் தரவில்லை? டிரான்ஸ்ஃபார்மர் நிரம்பிவிட்டது. ஏன் இன்னொன்று வைக்கவில்லை? வைக்க இடம் இல்லை. ஏன் இடம் இல்லை? தெருமுனையில் காலியிடம் இருக்கிறது, ஆனால் அது பூங்காவுக்கென்று வரைபடத்தில் குறித்திருக்கிறது. அதை ஏன் மாற்றவில்லை? மாற்றச் சொல்லி ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை? எழுதவேண்டியது யார் என்று இருவருக்கும் தெரியாது. சம்பந்தப்பட்டவர்களை எல்லாம் தெருமுனைக்கே வரவழைத்து இடத்தைக் காட்டியபோது, பூங்கா இடத்தைத் தொடாமல் ஓரத்தில் தூண் மேல் வைக்கலாம் என்று லைன்மேன்தான் சொன்னார். அப்படியே வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் கூடுதல் மின்நிலையம் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

நீங்கள் மாணவி என்பதால் இன்னொன்று. தடைகள் எப்போதும் ஐம்பது இருக்கும். அதில் எது நிஜமாகக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஹவுஸ்மேன், ராட்ரிக், வெலாஸ்கோ மூவரும் 2005-ல் ஒரு வழி சொன்னார்கள். அதையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டையும் படித்தவர்கள் பீன்யாவுக்குப் பயிற்சிக்கு வந்தால் எங்கள் சங்கத்தில் மேசை நாற்காலி போட்டுத்தரச் சொல்கிறேன்.

கேள்வி: ஆறு தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை. கம்பெனி பணம் கொடுக்கத்தான் நாலு மாதம் ஆகிறது. பெரிய பெரிய குழுக்களெல்லாம் எங்கள் மாதிரி ஆட்களைப் பார்க்குமா?
- தையல் யூனிட் நடத்தும் வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: பார்க்கவேண்டும், சகோதரி. எனக்கு வந்த கடிதங்களிலேயே உங்களுடையதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். பெங்களூரில் ஒரு சின்ன யூனிட் மூடப்படுவதற்கு ஆர்டர் இல்லாததைவிட, வேலை செய்த காசு வராததுதான் அதிகம் காரணமாக இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 'இன்னும் சரக்கை செக் பண்ணவில்லை' என்று இழுப்பார்கள். சரக்கு வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் ஒரு பண்டல்கூட வெளியே போகக்கூடாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள். அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அப்புறம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி வந்துவிட்டது. உங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுக்கிறவரைக்கும், அந்தக் கம்பெனி தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவுக்காரரிடம் இதை நினைவூட்டுங்கள், மரியாதையாகவே.

இதற்கும் மசியாவிட்டால், இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் மாநில அரசின் வசதி கவுன்சிலுக்குப் போகலாம். இணையதளத்திலேயே மனு போடலாம். 90 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். இத்தனை இருந்தும் நீங்கள் ஏன் போகவில்லை? அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஆறு மெஷினில் உட்காரும் பெண்களின் வாரக்கூலி உங்கள் தலையில் இருக்கிறது.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் இந்தப் பயத்தைத்தான் ஒரு குழு கையில் எடுக்கவேண்டும் என்கிறேன். பிரச்சினையை 'தாமதப் பணம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் இன்னொரு சுற்றறிக்கைதான் வரும். 'ஸ்ரீராமபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தையல் யூனிட்களுக்கு, சலானில் கையெழுத்தான நாளிலிருந்து பணம் கையில் வர இத்தனை நாள் ஆகிறது' என்று எழுதிப்பாருங்கள். அப்போது எந்தக் கம்பெனிகள், எந்தக் கட்டத்தில் நிறுத்துகின்றன என்பது தெரிந்துவிடும். தனி ஆளின் பெயர் வெளியே வராமல் பத்து யூனிட்களின் கணக்கை ஒன்றாக அரசின் மாவட்டத் தொழில் மையத்திலிருந்து அனுப்பினால், கம்பெனியின் மேல்மட்டத்துக்கு அது போய்ச் சேரும். தனியாகப் போகாதீர்கள். பக்கத்துத் தெரு யூனிட்களில் சலான் தேதியும் பணம் வந்த தேதியும் மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு போதும்.

கேள்வி: முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா காலத்தில் பெங்களூரில் பி.ஏ.டி.எஃப். இருந்ததே! அதுவும் இதே மாதிரிதானே?
- ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இந்திராநகர்

பதில்: நல்ல ஞாபகம், ஐயா. 1999-ல் தொடங்கிய பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ், நந்தன் நிலேகணி தலைமையில். மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்சாரம், போக்குவரத்து, போலீஸ் என்று நகரத்தின் அமைப்புகளை ஒரே மேடையில் உட்காரவைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல்வர் முன்னிலையில், பொதுமக்கள் பார்க்க, என்ன சொன்னோம் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு அமைப்பின் தலைவரும் மேடையேறிச் சொன்னார்கள். நான் அதை மிகவும் மதிக்கிறேன். சொத்து வரியை நாமே கணக்குப்போட்டுக் கட்டும் முறை 2000-த்தில் வந்ததும், மாநகராட்சியின் கணக்கு எழுதும் முறை மாறியதும் அந்தக் காலத்தில்தான். வரி மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பேரம் பேசிய காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் 2004-ல் ஆட்சி மாறியதும் அது நின்றுவிட்டது. முதல்வரின் ஆதரவு ஒன்றையே நம்பியிருந்ததும், வார்டு கவுன்சிலர்களுக்கு அதில் பெரிய இடம் இல்லாததும் காரணம் என்று நான் நினைக்கிறேன். மேடையில் இருந்தவர்கள் பெரிய அதிகாரிகள், பெரிய நிறுவனத்தார். அல்சூர் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கு அது தன் விஷயமாகத் தோன்றவில்லை. வரிமுறை இன்றைக்கும் நிற்கிறது என்றால், அதை நகரமே பழகிக்கொண்டதால்தான். இப்போது 2025 செப்டம்பரிலிருந்து பெருநகர பெங்களூரு ஆணையம், ஐந்து மாநகராட்சிகள் என்று எல்லாம் புதிதாகப் பிரிந்திருக்கிறது. பழைய பாடத்தைக் கையிலெடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. இந்த முறை குழுவில் கவுன்சிலர் இருக்கவேண்டும்.

கேள்வி: நான் மாநில அரசு ஊழியன். இப்படி ஒரு குழுவில் என்னைப் போட்டார்கள். வழக்கமான ஃபைல் வேலையும் குறையவில்லை. புதிதாக எதையாவது செய்தால் நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வரும். அதற்குள் டிரான்ஸ்ஃபரும் வந்துவிடும். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், எம்.எஸ். பில்டிங் அருகிலிருந்து

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது. அதைப் புரிந்துகொள்ளாமல் அரசு ஊழியரைத் திட்டும் பழக்கம் எங்கள் தொழில்காரர்களிடம் இருக்கிறது, அது எனக்கு வருத்தம்.

முதல் காரியமாக, செயலாளரிடமிருந்து எழுத்தில் ஆணை வாங்குங்கள். வாரத்தில் எந்த அரை நாள் இந்தக் குழுவுக்கு என்பதும் அதில் இருக்கட்டும். நேரம் ஒதுக்காத குழு பேப்பரில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அடுத்து, சட்டத் திருத்தம் வேண்டும் விஷயத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சுற்றறிக்கையிலோ, இரண்டு அலுவலகம் ஒரே நாளில் தலத்தைப் பார்வையிடுவதிலோ முடிகிற விஷயத்தை எடுங்கள். விதிக்குள் நின்றே செய்த காரியத்துக்கு ஆடிட் பயம் இல்லை. ஒவ்வொரு உட்காரலுக்கும் ஒரு பக்கக் குறிப்பு, யார் வந்தார்கள், எதைச் செய்து பார்த்தோம், என்ன தெரிந்தது. நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் அந்தக் குறிப்பிலிருந்து தொடரலாம்.

அதிகாரம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துவிடாதீர்கள். 2013-ல் தில்லியில் மத்திய அமைச்சரவைச் செயலகத்தில், முடங்கிக்கிடந்த பெரிய திட்டங்களை நகர்த்த ஒரு கண்காணிப்புக் குழு வந்தது. அனில் ஸ்வரூப் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமை. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அந்தக் குழுவிடம் கிடையாது. எந்தத் திட்டம் யார் மேசையில் நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்க இணையத்தில் போட்டு, மாநிலங்களுக்கே போய் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். நிறைய முடிச்சு அப்படித்தான் அவிழ்ந்தது. கர்நாடகத்தில் 2012-ல் நடைமுறைக்கு வந்த சகாலா திட்டமும், இத்தனை நாளில் இந்தச் சேவை, தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் ஈடு என்று கெடு வைத்தது. இழப்பீடு சின்னத் தொகைதான். ஆனால் தாமதத்தை எண்ண ஆரம்பித்ததே பெரிய மாற்றம்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு உறுதி தேவை. நாங்கள் சங்கத்தின் சார்பில் முப்பது கோரிக்கை மனுவோடு வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நிறுத்தவேண்டும். ஒரு பிரச்சினையோடு வரவேண்டும், தீரும்வரை வரவேண்டும். இதை என் சங்கக் கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

கேள்வி: வீடு ஓசூர், வேலை பொம்மசந்திரா. தினமும் அத்திப்பள்ளியில் மாட்டிக்கொள்கிறோம். இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இருக்கும் தடைக்கு யார் குழு போடுவது?
- சிஎன்சி ஆபரேட்டர், ஓசூர்

பதில்: 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. மாநிலங்கள் சேர்ந்து உட்கார்ந்தால் எல்லைத் தடை நீங்கும் என்பதற்கு நாம் கண்ணால் கண்ட சாட்சி அது. 1956-லிருந்து தென்மண்டல கவுன்சில் என்ற அமைப்பும் இருக்கிறது. ஆனால் முதல்வர்கள் அளவில் கூடும் அவையில் உங்கள் காலை எட்டு மணி ஷிஃப்ட் பேச்சுக்கு வராது. கிருஷ்ணகிரி கலெக்டரும் பெங்களூரு நகர மாவட்ட டெபுடி கமிஷனரும், இரண்டு ஊர்ப் போக்குவரத்துப் போலீஸ், ஓசூர் சிப்காட், பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைச் சங்கங்கள், இவ்வளவு பேர் போதும். மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூருக்கு நீட்டுவது பெரிய காசு, பெரிய பேச்சு. அதுவரை, எல்லை தாண்டி வரும் தொழிலாளர் பஸ்களுக்குப் பர்மிட்டிலும் வரியிலும் என்ன சிக்கல், தொழிற்சாலைகள் ஷிஃப்ட் நேரத்தை அரை மணி முன்பின் மாற்றிக்கொள்ள முடியுமா என்ற இரண்டு கேள்வியோடு அவர்கள் தொடங்கட்டும்.

கேள்வி: பீன்யாவில் நாளைக்கே ஒரு குழு அமைத்தால் முதலில் எந்தத் தடையை எடுப்பீர்கள்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
- வாசகர், ராஜாஜிநகர்

பதில்: பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்திலிருந்து பட்டறைகள் இருக்கும் கிராஸ் தெருக்கள் வரையிலான இருட்டு.

சொல்கிறேன், கேளுங்கள். மெட்ரோ 2014-லேயே வந்துவிட்டது. 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசுப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பெண்கள் சிஎன்சி மெஷினை அருமையாக ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கேட்டால் வீட்டில் விடமாட்டார்கள் என்கிறார்கள். நிலையத்தில் இறங்கியபின் உள்ளே நடக்கவேண்டிய தெருவில் விளக்கு எரிவதில்லை, பஸ் அந்தத் தெருவுக்குள் போவதில்லை, நடைபாதையில் லாரி நிற்கிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட மெஷின் அதனால் சாயங்காலத்தோடு நின்றுவிடுகிறது. கடனுக்கு வட்டி மட்டும் ராத்திரியிலும் ஓடுகிறது.

இதற்குத் தேவையானவர்கள் தெருவிளக்குப் பிரிவு இன்ஜினியர், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், நகரப் பஸ் நடத்தும் பி.எம்.டி.சி.யின் டிப்போ மேலாளர், இரண்டு பட்டறைக்காரர், அந்தத் தெருவில் தினமும் நடக்கும் இரண்டு பெண் ஆபரேட்டர்கள். முதல் கூட்டத்தை அறையில் வைக்காமல் இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவிலேயே நடந்துகொண்டு நடத்தலாம். எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்பதை அந்தப் பெண்கள் காட்டுவார்கள். இரண்டாவது ஷிஃப்டில் இன்றைக்கு எத்தனை பெண்கள் என்று பட்டறை வாரியாக எண்ணி எழுதிவைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணவேண்டும்.